திரும்பிப் போகும் நிபந்தனையில் ஒன்பது படங்கள்

ஏப்ரல் 7, திங்கள்

பேங்கில் கொடுத்த டைரி புது வருசத்திலிருந்து மேஜையில் சும்மா கிடந்தது. இன்னிக்குத்தான் பிரிக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

என் மகள் வாணி போய்விட்டாள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி. பெல்ஜியத்தில், கென்ட் என்கிற ஊரில். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்தெட்டு வயது. அவளோடு இருந்த பெல்ஜியத்துக்காரன், யோரிஸ் என்று பேர், கம்பெனி மெயிலுக்கு எழுதியிருந்தான். பனியன் துணி கட்டிங் வேஸ்ட் கிலோ என்ன விலை என்று கேட்டு வந்த இரண்டு மெயிலுக்கு நடுவில் அது கிடந்தது. நான் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்து, சாம்பலையும் ஆற்றில் விட்டிருந்தார்கள்.

என் சம்சாரம் தெய்வாத்தாளுக்குத் தெரியாது. ஜனவரியில்தான் அவளுக்கு வால்வு மாற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதிர்ச்சியான சேதி எதுவும் அம்மா காதுல விழாமப் பாத்துக்கங்க. அந்த இதயம் தாங்காது" என்றார். சரி, விழவில்லை. தெரிந்தவன் நான் ஒருத்தன். என்னோடு இருக்கட்டும்.

வாணி இந்த வீட்டோடு பேசி ஏழு வருசம் ஆகிறது. யார் மேல் தப்பு என்பதை இதில் எழுதப் போவதில்லை. பேச்சில்லாத வீட்டில் போன் வராதது வித்தியாசமாகத் தெரியாது. இது ஒரு சௌகரியம் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

வெங்கமேடு குடோனில் கரண்ட் போய் வேஸ்ட் துணியை மூட்டையாக அழுத்திக் கட்டும் பேலிங் மெஷின் அரை நாள் நின்றது.

ஏப்ரல் 16, புதன்

காலையில் மாத்திரை கொடுக்கும்போது தெய்வா கேட்டாள்.

"ஏனுங்க, அவ என்னமோ படம் வரையறாளாமா. ஊரு ஊருக்கு வெக்கறாங்களாமா. ஒருக்கா நான் அதக் கண்ணுல பாக்கோணும்."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. பாக்கோணும். அம்புட்டுத்தான்."

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருசத்தில் அவள் என்னிடம் கேட்டது விரல்விட்டு எண்ணிவிடலாம். சைக்கிளில் பனியன் கம்பெனி வாசல் வாசலாகப் போய் வேஸ்ட் அள்ளிய காலத்தில்கூட எதுவும் கேட்டதில்லை.

கேட்டதைச் செய்துவிடலாம் என்று தோன்றியது. படத்தை வாங்கி வீட்டில் மாட்டிவிட்டால் ஆயிற்று. சரக்குத்தானே. சரக்கு எங்கிருந்தாலும் கொண்டு வரத் தெரியும் எனக்கு.

மே 5, திங்கள்

யோரிஸிடமிருந்து பதில். படங்கள் விற்பனைக்கு இல்லை. என்ன விலை கொடுத்தாலும் இல்லை. எல்லாம் இப்போது அவன் பேரில் இருக்கிறதாம்; வாணி எழுதி வைத்திருக்கிறாள். ஒரு மியூசியம் கேட்டால் கொஞ்ச நாளைக்கு இரவல் தருவானாம். வீட்டுக்குத் தர மாட்டானாம்.

என் பெண் வரைந்ததை எனக்கு இரவல் தர அவன் யோசிக்கிறான். மெயிலை மூன்று தரம் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான். அதுதான் இன்னும் எரிகிறது.

மே 13, செவ்வாய்

கோயமுத்தூர் போனேன். அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு அறக்கட்டளையின் மியூசியம் இருக்கிறது. பொறுப்பாளர் ஹெப்சிபா மேடம். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். வாணியின் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"கோகிலவாணி உங்க மகளாங்கய்யா? அவங்க போனது தெரிஞ்சப்ப நாங்க இங்க நாலு பேர் சேர்ந்து பிரேயர் பண்ணோம்."

எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. என் சம்சாரத்துக்குத் தெரியாது என்பதையும் ஏன் தெரியக்கூடாது என்பதையும் சொன்னேன். படங்களை மியூசியம் பேரில் இரவல் கேட்டு எழுதச் சொன்னேன், அந்தம்மா ஒப்புக்கொண்டார். அப்புறம், "ஹாலுக்கு ஏசி வேணும், விளக்கு மாத்தணும். இல்லாட்டி வெளிநாட்டுக்காரங்க படம் குடுக்க மாட்டாங்க" என்றார்.

"போட்டுரலாம். வேற?"

"டெல்லியில அனுமதி வாங்கணும்."

"அதுவும் வாங்கிரலாம்."

சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்புறம்தான் புரிந்தது.

மே 22, வியாழன்

சென்னையில் ஷாநவாஸ் பாய் ஆபீஸ். இருபது வருசமாக நமக்கு கஸ்டம்ஸ் கிளியரிங் பார்ப்பவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க அனுப்புறது பேல் பேலா போவும், எவனும் திரும்பிக் கேக்க மாட்டான். இது அப்படி இல்ல. வரி இல்லாம உள்ள விடறாங்க. ஆனா கண்காட்சிக்கு மட்டும்தான். விக்கக் கூடாது. ஆறு மாசத்துல வந்த சாமான் வந்த மாதிரியே திரும்பிப் போவணும். ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வெச்சுக்குவாங்க. போம்போது அந்தப் போட்டோவப் பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. மாறியிருந்துச்சு, அப்புறம் நானும் நீங்களும் கோர்ட்டு வாசல்ல டீ குடிக்கணும்."

"எல்லாமே திரும்பிப் போயிரோணுமா? ஒண்ணாச்சும் வெச்சுக்க முடியாதா?"

"எல்லாமே போவணும்ண்ணே."

ஊருக்கு வரும் ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வருவதற்கு முன்பே போகிற தேதி போட்ட விருந்தாளி.

ஜூன் 11, புதன்

டெல்லியிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. வெளிநாட்டுக் கலைப்பொருள் என்று விண்ணப்பித்திருக்கிறீர்கள். கலைஞரின் பேர் கோகிலவாணி சென்னியப்பன், பிறந்த ஊர் திருப்பூர் என்று இருக்கிறது. இவர் எப்படி வெளிநாட்டவர், விளக்கவும்.

அவர்கள் கேட்பதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்பேன்.

யோரிஸ் அவளுடைய பெல்ஜியம் பாஸ்போர்ட் நகலை அனுப்பினான். இந்தியப் பாஸ்போர்ட்டை அவள் ஒப்படைத்த சீட்டும் அதிலேயே இருந்தது. ஒப்படைத்த தேதியைப் பார்த்தேன். ஏழு வருசத்துக்கு முன்னால் எங்களுக்குள் அந்தக் கடைசிப் பேச்சு நடந்து முடிந்த மறு மாசம்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, அவள் இந்த நாட்டுக்காரி இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு அப்பன் செய்கிற வேலையா என்று யாராவது கேட்டால், ஆமாம், இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

பதில் இல்லை. தெய்வாவுக்கு மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. கட்டிலைக் கீழ் ரூமுக்கு மாற்றினோம்.

ஜூலை 9, புதன்

மறுபடியும் கேள்வி. மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதற்கு என்ன அத்தாட்சி. ஹெப்சிபா மேடம் போட்டோக்களை அனுப்பினார். அதில் ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்; ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

தெய்வாவுக்கு திடீரென்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நுரையீரலில் தண்ணி கோத்திருக்கிறதாம். இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் தேதி எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். வியாபாரத்தில் ஒருத்தன் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

டெல்லிக்குப் போன் போட்டேன். கெஞ்சித்தான் பேசினேன். எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார். "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்றார்.

ஜூலை 28, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. ஒன்பது படங்கள். பேர், அளவு, வரிசை எண் எல்லாம் போட்டு இரண்டு பக்கம். ஷாநவாஸ் பாய் போனில் கத்துகிறார், "அண்ணே பிரியாணி!" என்று. அப்புறம் சொல்கிறேன் பாய் என்று வைத்துவிட்டேன்.

தெய்வாவிடம், "வாணி படமெல்லாம் அனுப்பறா. கோயமுத்தூர்ல வெக்கறாங்க" என்றேன்.

"அவ வரலீங்களா?"

"வேலையாமா."

"சேரி" என்றாள். ஏன் வரவில்லை, எப்போது வருவாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நாலு பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன். நாலும் மிச்சம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்னை ஏர் கார்கோ. மரப்பெட்டிகளைத் திறந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோவோடு ஒத்துப் பார்த்தார்கள். நான் ஓரமாக நின்றேன். அவள் வரைந்ததை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

பாதிப் படம் எனக்குப் புரியவில்லை. வெறும் வெள்ளையும் சாம்பலும்.

நாலாவது படம்: வேஸ்ட் துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. சட்டை என்னுடையது.

ஏழாவது படம் அவளேதான். ஆள் உயரத்துக்கு. நேராகப் பார்க்கிறாள். நெற்றியில் ஒன்றுமில்லை.

டிரைவர் சாப்பிடலாமா என்று கேட்டான். பசியில்லை என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஹெப்சிபா மேடத்தோடு சண்டை. ஹாலுக்குள் நுழைந்ததும் சுவரில் பெரிதாக அவள் பேர். அதற்குக் கீழே தமிழிலும் இங்கிலீசிலும் பிறந்த வருசம், ஒரு கோடு, இறந்த வருசம்.

"அந்தக் கோட்டுக்கப்பறம் இருக்கறத எடுத்துருங்க மேடம்."

"அய்யா, அது முடியாது. மியூசியம் பொய் எழுதக் கூடாது."

"பொய் எழுதச் சொல்லலீங்க. எழுதாம உடச் சொல்றேன். ஏசி போட்டுக் குடுத்தவன் கேக்கறேன்."

முகம் மாறிவிட்டது. "ஏசிய வேணும்னா கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்றார். நியாயம்தான். அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

கடைசியில் ஒரு வழி சொன்னார். திங்கள்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அம்மாவைக் கூட்டி வாருங்கள், அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்து வைக்கிறேன், நீங்கள் போனதும் எடுத்துவிடுகிறேன் என்றார்.

"உங்களுக்காக இல்ல. அந்தம்மாவோட உடம்புக்காக."

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்னிக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தெய்வா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, வெளிர் மஞ்சளில் காட்டன் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவையாக வெளியே வருகிறாள். வண்டியில் சன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சக்கர நாற்காலியில் ஹாலுக்குள் தள்ளிக்கொண்டு போனோம். வாசல் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தை ஒரு நிமிசம் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறுத்தச் சொன்னாள். நாலாவது படத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஏழாவது படத்துக்கு வந்ததும், "எறக்கி உடுங்க" என்றாள். கைத்தாங்கலாக நிற்க வைத்தேன். "செத்த தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். ஹெப்சிபா மேடம் என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். என்னமோ விளக்கைப் பற்றி. நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதுதான் தெரியும்.

"அம்மா! தொடாதீங்கம்மா!" என்று மேடம் அலறினார்.

முந்தியில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை மோதிர விரலில் தொட்டு, எட்டி, வாணியின் நெற்றியில் வைத்திருந்தாள். நல்ல வட்டமாக.

உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு எங்கள் பக்கம் யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். குழந்தைகூட விளையாட்டுக்கு வைத்தால் கையைத் தட்டிவிடுவோம். தெய்வாவுக்கு அது தெரியாதா?

நாற்காலியில் உட்கார்ந்தாள். இரைக்கிறது. தண்ணீர் கொடுத்தேன்.

"அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுங்க. அதுக்கடியில என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"ஞாயித்துக்கெழமை நீங்க குடோனுக்குப் போனதுக்கப்பறம் கூப்புடுவா. சமையலுக்கு வர்ற மயிலாத்தா போனுல. வாரந்தவறாம. மாசி மாசத்துல ஒரு ஞாயிறு கூப்புடல. அடுத்த ஞாயிறும் கூப்புடல. பொறகு பாத்தா, நீங்க கறி திங்கறத உட்டுப்போட்டீங்க. அதுக்கு மேல நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது?"

ஆமாம். விட்டுவிட்டேன். அதை இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே தெய்வா."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆசுபத்திரியில நான் மூச்சு முட்டிக் கெடந்தன்னிக்கும் பாத்தேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மேடம்தான் அழுதார், ஒரு கையில் போனோடு. பெல்ஜியத்துக்குச் சொல்ல வேண்டுமே.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெங்களூரிலிருந்து படங்களைப் பழுது பார்க்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, துடைக்கலாம், கொஞ்சம் நிறம் தங்கலாம், சொல்ல முடியாது என்றாள். ஷாநவாஸ் பாய் போனில், "துடைச்சிருங்கண்ணே. வந்த மாதிரியே போவணும்" என்றார். ஆனால் படத்துக்கு உரியவன் சம்மதிக்காமல் யாரும் கை வைக்க முடியாது.

வீட்டில் கேட்டேன். "தொடைக்கச் சொல்லட்டா?"

தெய்வா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். "புருசன் உசுரோட இருக்கறப்பப் போன புள்ளைங்க அவ. நெத்தி வெறுமையா அனுப்பக் கூடாது. அங்க எவளுக்கும் தெரிஞ்சிருக்காது, வெக்காமயே அனுப்பிருப்பாங்க. பெத்தவ நான் வெச்சேன். தொடைக்கறதுன்னா நீங்க தொடைங்க."

புருசன் என்று சொன்னாள். அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று ஏழு வருசத்துக்கு முன்னால் ஒரு உத்தரவு இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

யோரிஸ் எழுதியிருக்கிறான். மேடம்தான் அவனுக்கு விளக்கியிருக்கிறார். கோபமில்லை. ஒரே கேள்வி: "அம்மா என்ன சொல்கிறார்?" சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. படம் இனி இப்படியே இருக்கட்டும், இந்த மாற்றத்துக்கு எனக்குச் சம்மதம் என்று. கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி. அந்தப் படத்தில் அவளுடைய நெற்றியில் ஏதோ குறைகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும், ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'நன்றி' என்று மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 17, புதன்

தெய்வாவுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி. நூலின் விலை ஏறியிருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

சென்னை. படங்கள் திரும்பிப் போகிற நாள். வீட்டில் இருங்க என்றாள் மயிலாத்தா. தெய்வாதான், "போயிட்டு வாங்க, ஆராச்சும் கூடப் போவோணும்" என்றாள்.

பரிசோதித்த அதிகாரி சின்ன வயசுப் பெண். ஆறு படம் தடையில்லாமல் போயிற்று. ஏழாவதில் நின்றுவிட்டார். கையில் ஆகஸ்ட் மாசத்துப் போட்டோ.

"சார், வரும்போது நெத்தியில ஒண்ணுமில்ல. இப்ப இருக்கு. ரெண்டும் ஒரே சாமான்னு நான் எப்படி எழுதறது?"

ஷாநவாஸ் பாய் முந்திக்கொண்டு கடிதத்தை நீட்டினார். ஓனர் சம்மதிச்சிருக்காரு மேடம், மியூசியம் ரிப்போர்ட் இருக்கு மேடம் என்று அடுக்கினார். அந்தப் பெண் எல்லாவற்றையும் படித்தார். இருந்தாலும் பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அது என்ன கலர் சார்?"

"குங்குமமுங்க."

"யார் வெச்சது?"

"அவங்க அம்மா. என்ற சம்சாரம்."

"வரும்போது ஏன் இல்ல?"

பாய் என் கையை அழுத்தினார், பேசாதீர்கள் என்று. ஆனால் பதில் வந்துவிட்டது.

"வர்றப்ப எங்கூட்டுல சாவு சொல்லலீங்க."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகச்சாயல் தெரிந்திருக்கும்.

"ஓனர்னு போட்டிருக்கற இவர், யோரிஸ், உங்களுக்கு என்ன வேணும்?"

"மருமகனுங்க" என்றேன்.

இந்த வார்த்தையை அவனிடமே இன்னும் சொன்னதில்லை. முதலில் கஸ்டம்ஸில் சொல்லியிருக்கிறேன்.

மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். நெற்றியில் உள்ள குறி உரிமையாளர் சம்மதத்தோடு இங்கே சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை மூடி ஆணி இறக்கினார்கள். பாய் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

நவம்பர் 1, சனி

பெட்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டதாக மெயில். தெய்வாவிடம் சொன்னேன். "பொட்டு அழியாமப் போச்சுங்களா?" என்று கேட்டாள். போச்சு என்றேன்.

"அப்பறம் இன்னும் என்னங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து போன் போட்டுச் சாவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெய்வா பக்கத்தில் படுத்துக்கொண்டு விட்டுப்போன பேர்களை நினைவுபடுத்துகிறாள். வாணி தவறிட்டா என்றதும் எல்லாரும் எப்போது என்றுதான் கேட்கிறார்கள். பிப்ரவரி என்றால் அந்தப் பக்கம் பேச்சில்லை. சிலர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்கிறார்கள்.

காங்கயத்துப் பெரியக்காதான் கேட்டாள். "ஏண்டா சென்னீ, மாசியில போன புள்ளைக்கு ஐப்பசியில சொல்ற. இத்தன மாசம் என்னடா பண்ணிட்டு இருந்த?"

"பர்மிசன் வாங்கிட்டு இருந்தேன்க்கா" என்றேன்.

அக்கா பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். இந்த வீட்டுச் சாவுக்குச் சொந்தபந்தத்தில் வந்த முதல் அழுகை. தெய்வா கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.